நஸீறாவுக்கு லைன் குடுங்க

"நீங்க கதைச்சது போதும் தம்பி. நஸீறாவுக்கு லைனைக் குடுங்க."

சாய்ந்தமருதிலிருந்து வந்த குரல் படாரென்று போனை வைத்தது.  பாவம், ஜுனைட் அறிவிப்பாளனே அல்ல. 'கரையோசை' எப்.எம்.மில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து பொத்தான் அமர்த்துகிறவன். மறைந்த கச்சிமுகம்மதுவை நினைவுகூரும் நேரடி நிகழ்ச்சிக்கு ஆள் அகப்படவில்லையென்று, வெள்ளிக்கிழமை பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்தவனைப் பிடித்து மைக்குக்கு முன்னால் தள்ளிவிட்டிருந்தார் முகாமையாளர் ஸலாஹுதீன்.

கச்சிமுகம்மது, கரையோரத்துச் சனத்துக்கு அண்ணன் முறையில் கச்சி காக்கா. நடுச்சாமத்து நிகழ்ச்சிக்காரர். மருதமுனை தொடங்கி அக்கரைப்பற்று வரை நித்திரை வராதவர்களுக்கெல்லாம் அவர்தான் துணை. யானைக் காவலுக்கு வயலில் கிடப்பவர்களை, "எழும்புங்கடா, ஆனை வந்து உங்கட சோத்தையும் திண்டுட்டுப் போகப்போகுது!" என்று எழுப்புவார். ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போடுவார். கேட்டால், "எனக்குப் புடிச்சிரிக்கி, உங்களுக்கென்ன?" என்பார். ஒருநாள் பாட்டு முடிந்தும் மனுஷன் எழும்பவில்லை, அவருடைய குறட்டை கரையோரம் முழுக்க ஒலிபரப்பானது. அன்றைய நிகழ்ச்சிதான் திறம் என்று நிந்தவூரில் இன்னும் சொல்கிறார்கள்.

ஆனால் சனம் முழித்திருந்தது அவருக்காக மட்டுமா? 'நிந்தவூர் நஸீறா'வுக்காகவும்தான். ராவானால் போன் எடுத்து மனுஷனைக் கிழிகிழியென்று கிழிப்பாள்.

"இது குரலா, நெல்லுக் குத்துற மெசினா?"

"அப்ப ஏன் புள்ள ஒவ்வொரு ராவும் கேக்கிற?"

"தெருவுல நாய் குலைச்சாலும்தான் கேக்குது. காதைக் கழட்டியா வைக்க ஏலும்?"

"நஸீறா, நாம ரெண்டு பேரும் கலியாணம் முடிச்சா என்ன?"

"உங்கள முடிக்கிறவளுக்குச் சுவர்க்கம் நிச்சயம். நரகத்த இஞ்சயே பாத்து முடிச்சிருவாளே!"

கச்சி காக்கா விழுந்து விழுந்து சிரிப்பார். பிறகு ஒரு பெருமூச்சு. "என்ட வீட்டுக்காரி இஷா தொழுத கையோட படுத்திருவா. எனக்குக் கதைக்கிறதுக்கு நஸீறாவ விட்டா ஆர் இரிக்கா?"

இதுதான் ஜுனைட்டின் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. நஸீறாவின் குரல் கேட்டதும் கச்சி காக்காவின் முகம் எப்படி மாறும் என்பதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தவன் அவன் ஒருவன்தான். இரண்டு பேருக்கும் இடையில் ஏதோ இருக்கிறது என்று அடித்துச் சத்தியம் பண்ணுவான். நிலையத்தில் இருந்ததோ நம்பர் காட்டாத பழைய போன். அவள் யார், எவர் என்று யாருக்கும் தெரியாது.

காக்காவின் மனைவி சுபைறாவோ வாயில்லாப் பூச்சி. வீட்டுக்குப் போனால் திரைக்குப் பின்னாலிருந்து "இரிக்கார்", "இல்ல" என்பதற்கு மேல் ஒரு சொல் வராது. இப்போது புருஷனுக்காக இத்தா இருக்கிறார். வாசல் தாண்டுவதில்லை, அன்னிய ஆண்களோடு கதைப்பதில்லை. அறைக்குள் இருந்து இந்த நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டுதான் இருப்பார். கபுறில் மண் காய்வதற்குள் அந்த மனுஷியின் காதில் நஸீறா விழுவதா? கச்சி காக்காவின் மானம் இன்றைக்குத் தன் கையில் என்று ஜுனைட் நினைத்தான். நஸீறா போன் கோல் எடுத்தால் அந்தக் கணமே லைனை வெட்டுவதென்று விரலைத் தயாராக வைத்திருந்தான்.

நஸீறாதான் எடுக்கவில்லை. மற்ற எல்லாரும் எடுத்தார்கள்.

"தம்பி..." என்றார் மூலையில் இருந்த சரீப். சுபைறாவின் தம்பி, அவரை ராத்தா என்று கூப்பிடுகிறவர். கச்சி காக்கா தினமும் பிளேன்டீ கொண்டுவந்த பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். "ராத்தா ஒரு விசயம் சொல்லச் சொல்லி..."

"உஸ்! மைக் போட்டிரிக்கி காக்கா. பொறுங்க."

சரீப் பொறுத்தார். அவசரம் என்றால் என்னவென்று தெரியாத பிறவி அவர்.

அடுத்த கோல் அக்கரைப்பற்றிலிருந்து. "நஸீறா வருவா எண்டு மூணு நாளா விளம்பரம் போட்டீங்களே, சனத்தப் பேயனாக்கிறீங்களா?"

விளம்பரம் போட்ட ஸலாஹுதீன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, 'எதையாவது சொல்லு' என்று கையை ஆட்டினார். ஜுனைட் சொன்னான்.

"நஸீறா நாட்டுல இல்ல. கட்டாருக்குப் போயிட்டா."

அப்பாடா என்று மூச்சு விட்டான். விட்ட மூச்சு வெளியே வருவதற்குள் அடுத்த கோல் வந்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும், நான் பாயிஸ், கட்டார்ல இருந்து. நெட்டுல கேட்டுட்டுத்தான் இரிக்கம். நஸீறா எந்தப் பக்கம் இரிக்கா? நம்மட ஊர்ப் பொடியனுகள் வேன் புடிச்சி நிக்கானுகள், வரவேற்பு வைக்கிறதுக்கு!"

ஜுனைட்டுக்கு வேர்த்துக் கொட்டியது. "இல்ல... போகல்ல. போக வெளிக்கிட்டவ. சுகமில்லாமப் போயிட்டு."

"யா அல்லாஹ்! எந்த ஆஸ்பத்திரி? வாப்பாவ அனுப்பிப் பாக்கச் சொல்றன்."

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முன்ன..." மிச்சத்தை வாய் தானாகவே முடித்தது. "மௌத்தாப் போயிட்டா."

சொன்னது தன் வாய்தானா என்று ஜுனைட் திகைத்துப் போனான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஸலாஹுதீன் தலையில் கை வைத்துக்கொண்டு கதிரையில் சரிந்தார்.

வேறு எந்தப் பொய்யும் சொல்லலாம், இந்தக் கரையில் மௌத்துப் பொய் சொல்லலாமா? சாவுச் செய்தி காதில் விழுந்தால் போதும், மற்ற வேலை எல்லாம் நிற்கும். யார் பெத்தது, யார் வளர்த்தது என்று கேட்பதற்கு முன் ஜனாஸா அடக்கம் எத்தனை மணிக்கு என்றுதான் கேட்பார்கள். கேட்டார்கள். போன் ஓயவில்லை.

"எந்தப் பள்ளியில தொழுவிக்கிற?"

"ஓட்டோ ஸ்பீக்கர் கட்டி ரெடி. அறிவித்தல் குடுக்கட்டா?"

நிந்தவூரிலிருந்து பள்ளிவாசல் மோதினார் ஒருவரே லைனில் வந்துவிட்டார். "தம்பி, எல்லாப் பள்ளியிலயும் விசாரிச்சிட்டம், அப்பிடி ஒரு மௌத்து இல்ல. கபுறு வெட்ட ஆக்கள் மம்பட்டியோட நிக்காங்க. எந்த வீடு எண்டு சொல்லுங்க!"

ஜுனைட் பதில் சொல்வதற்குள் மருதமுனையிலிருந்து ஒரு பெண் விக்கி விக்கி அழுதாள். "கச்சி காக்கா போனதத் தாங்க ஏலாமத்தான் நஸீறாவும் போயிரிக்கா. உசிரோட சேர ஏலாதவங்க. ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல அடக்குங்க வாப்பா!"

போச்சு. எந்த மானத்தைக் காப்பாற்ற வாய் திறந்தானோ, அது இப்போது கட்டார் வரைக்கும் கப்பலேறிவிட்டது. வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்ட கதைதான். ஜுனைட் கைக்கு அகப்பட்ட பாட்டைப் போட்டுவிட்டு, மைக்கை அமர்த்திவிட்டு, மேசையில் தலையைக் கவிழ்த்தான். போட்டது கச்சி காக்காவின் அந்த ஒரே பாட்டு. அதைக் கேட்டதும் அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"தம்பி," என்றார் சரீப். "இப்ப கதைக்கலாமா?"

"கதைங்க காக்கா." ஜுனைட் தலையை நிமிர்த்தவில்லை. "ராத்தா ரேடியோ கேட்டாவா?"

"ஓம். விடாமக் கேட்டா."

"கடைசிக் கோலையும்?"

"ஓம். நீங்க தலையக் கவிழ்த்த உடனே எனக்குப் போன் எடுத்தா."

"அழுதாவா?"

"இல்ல. சிரிச்சா. மறுகா உங்களுக்கு நல்லா ஏசினா."

"ஏசட்டும் காக்கா, எனக்கு இது வேணும். நீங்க முதல்ல சொல்ல வந்தது என்ன?"

"நஸீறா இண்டைக்கு லைனுக்கு வரமாட்டா, பாத்துக்கொண்டு நிக்க வேணாம் எண்டு சொல்லத்தான் ராத்தா அனுப்பினவ. நீங்கதான் மைக், மைக் எண்டு வாயத் திறக்க விடல்லையே."

ஜுனைட் மெல்ல நிமிர்ந்தான். "நஸீறா வரமாட்டா எண்டு... ராத்தாக்கு எப்பிடித் தெரியும்?"

சரீப் நிதானமாகப் பிளாஸ்க்கைத் திறந்து, மூடியில் பிளேன்டீயை ஊற்றி அவன் பக்கம் தள்ளினார். "அதக் குடிச்சிட்டு மைக்கைப் போடுங்க. 'நான் மௌத்தாகல்ல, இத்தாதான் இரிக்கன்' எண்டு ஊருக்குச் சொல்லச் சொன்னா ராத்தா."