அழுங்கு வாத்தியாரின் இணையவழி வகுப்பு

ஒரு காட்டில், கைபேசிக் கோபுரம் முளைத்து அதன் உச்சியில் கழுகு குடியேறிய புதிதில், அழுங்கு ஒன்று வாத்தியார் ஆனது. உடம்பெல்லாம் செதில், நீள நாக்கு, கறையான் தின்று பிழைக்கும் கூச்ச சுபாவம். இப்படிப்பட்டவர் வாத்தியார் ஆனதற்குக் காரணம் ஒரு சிறுத்தை.

காட்டுக்குப் புதிதாக வந்த அந்தச் சிறுத்தையிடம் மாட்டி உயிரோடு திரும்பியவர் இவர் ஒருவர்தான். அவருக்குத் தெரிந்தது ஒரே வித்தை. பந்தாகச் சுருண்டுகொள்வார். சிறுத்தை உருட்டிப் பார்க்கும், கடித்துப் பார்க்கும், பல் வலித்ததும் போய்விடும்.

"எங்களுக்கும் சொல்லிக் குடுங்க வாத்தியாரே" என்று முயலும் மானும் காட்டுக்கோழியும் வந்து நின்றன. உடம்பில் செதில் இல்லாதவர்கள் சுருண்டால் சிறுத்தைக்கு வேலை சுலபமாகிவிடுமே என்ற சந்தேகம் அவருக்கும் வரவில்லை, அவர்களுக்கும் வரவில்லை. பாடத்திட்டம் என்று ஆரம்பித்துவிட்டால் இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்!

முதல் வகுப்பில் கேமரா முன் உட்கார்ந்து, "சிறுத்தை வந்தா சுருண்டுக்கணும். அவ்வளவுதான்" என்றார். பாடம் முடிந்துவிட்டது. மாணவர்கள் இன்னும் வணக்கமே சொல்லி முடிக்கவில்லை.

வாத்தியாருக்கு அவமானமாக இருந்தது. நகரத்தில் ஒரு கல்லூரி ஜன்னலில் கூடு கட்டி வாழ்ந்துவிட்டு வந்திருந்த மைனாவிடம் யோசனை கேட்டார்.

"ஒரே மாதிரி பேசிட்டிருந்தா தூங்கிடுவாங்க சார்" என்றது மைனா. "விதவிதமா செயல்பாடு வேணும். வீடியோ, வினாடிவினா, விவாதம், நாடகம், குழுப்பணி. அப்புறம் சிந்தனைக் குறிப்பு, என்ன கத்துக்கிட்டோம்னு அவங்களே எழுதிக் குடுக்குறது. அது இல்லாம இப்ப யாரும் பாடமே நடத்துறதில்ல."

ஒரு வரிப் பாடம் பருவம் முழுக்க நீண்டது. வாத்தியார் கறையான் புற்றை மறந்து, கேமரா முன் முதுகை விறைப்பாக வைத்துக்கொண்டு உட்கார்ந்தே கிடந்தார். தான் இவ்வளவு பெரிய அறிவாளி என்று இத்தனை நாள் தனக்கே தெரியாமல் போயிற்றே என்று வியந்தார்.

மாணவர்கள் அவ்வளவாக வியக்கவில்லை. முயல் கேமராவை அணைத்துவிட்டுப் புல் மேயப் போனது. மான் எல்லா விவாதத்திலும் "நானும் இதையேதான் நினைக்கிறேன்" என்று எழுதியது. காட்டுக்கோழி எல்லாவற்றுக்கும் ஒரு இதயப் படம் அனுப்பியது.

புதிதாகச் சேர்ந்த புள்ளியப்பன் மட்டும் தங்கம். முகப்புப் படத்தில் மான்குட்டி. ஒரு செயல்பாட்டையும் விட்டதில்லை. நாடகத்தில் சிறுத்தை வேடத்தைத் தானே கேட்டு வாங்கி உறுமியபோது, "மிக இயல்பான நடிப்பு" என்று வாத்தியார் பாராட்டினார். சக மாணவரை மதிப்பிடச் சொன்னால், முயலைப் பற்றி, "சுருள்வது சுமார். பின்னங்காலில் நல்ல சதைப்பற்று. நேரில் பார்க்க ஆவல்" என்று எழுதினான். என்ன அக்கறை என்று வாத்தியாருக்குக் கண் கலங்கியது. குழுப்பணியில் அவனையே தலைவனாகப் போட்டார். குழுவில் மற்றவர்கள் வழக்கம்போலக் காணாமல் போக, மொத்தத்தையும் அவனே செய்து முடித்தான்.

பருவக் கடைசியில் இலுப்பை மரத்தடியில் நேரடி வகுப்பு வைத்தார். மற்ற மூவரும் "சிக்னல் இல்லை சார்" என்று செய்தி அனுப்பினார்கள். நேரில் வருவதற்கு எதற்கு சிக்னல் என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தபோது, புதரை விலக்கிக்கொண்டு புள்ளியப்பன் வந்தான்.

சிறுத்தை!

வாத்தியார் சுருளப் பார்த்தார். முடியவில்லை. பருவம் முழுக்க விறைப்பாக உட்கார்ந்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டிருந்தது. இன்னொரு முறை முயன்றார். 'மடக்' என்று ஒரு சத்தம் வந்ததுதான் மிச்சம். 'தெரிந்த ஒரே வித்தையைச் சொல்லிக்கொடுக்கக் கிளம்பி, அதையும் தொலைத்த முட்டாள் நான்' என்று நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது. சாவதற்கு அவருக்குக் கொஞ்சமும் விருப்பமில்லை.

சிறுத்தை பக்கத்தில் வந்தது. விலா எலும்பு தெரிந்தது. கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"வணக்கம் சார். எல்லாரையும் சாப்பிடத்தான் சேர்ந்தேன்" என்றது. "ஆனா நீங்க குடுத்த வேலைல வேட்டைக்குப் போகவே நேரமில்ல சார். சிந்தனைக் குறிப்பு எழுதி எழுதி நகமே மழுங்கிடுச்சு."

"அப்படியாப்பா" என்றார் வாத்தியார்.

"இப்ப உங்களை மட்டுமாவது சாப்பிட்டுட்டுக் கிளம்பிடலாம்னு பாக்கறேன். ஆனா சார், என் குழுப்பணிக்கு இன்னும் மார்க் வரலையே?"

வாத்தியார் அதன் முகத்தைப் பார்த்தார். பசியையும் மீறி அங்கே ஒரு ஏக்கம் இருந்தது. தன் வாழ்நாளில் அவருக்கு முதன்முறையாக ஒரு கற்பித்தல் ஞானம் பிறந்தது.

"திருத்திட்டே இருக்கேன்பா."

"எப்ப சார் வரும்?"

"அடுத்த வாரம்."

சிறுத்தை பெருமூச்சு விட்டுத் திரும்பிப் போனது. சொன்னபடி அடுத்த வாரம் வந்து, அதே பதிலைக் கேட்டுவிட்டுப் போனது. அதற்கும் அடுத்த வாரம் வந்து, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு சிந்தனைக் குறிப்பையும் கொடுத்துவிட்டுப் போனது. காட்டில் அதன் பிறகு யாரும் காணாமல் போகவில்லை. எல்லாம் தங்கள் படிப்பின் பலன் என்று முயலும் மானும் காட்டுக்கோழியும் சான்றிதழைப் புதரில் மாட்டிவைத்தன.

ஒருநாள் மைனா வந்து, "மாணவருக்கு உடனுக்குடன் மார்க் போட்டுடணும் சார், அதுதான் நல்ல..." என்று ஆரம்பித்தது.

வாத்தியாருக்கு இடுப்புப் பிடிப்பு அந்த நொடியே விட்டது. பந்தாகச் சுருண்டுகொண்டார்.

நீதி: விடைத்தாளைத் திருத்தாமல் வைத்திருக்கும் வாத்தியாரைச் சோம்பேறி என்று ஏசாதீர்கள். பாவம், அவருக்கும் உயிர்மேல் ஆசை இருக்கும்.