மண்ணில்லாத கீரையும் வாய் திறக்காத பிள்ளையும்

அன்பும் மரியாதையும் மாறாத அக்காவுக்கு,

உன் தங்கை வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. வீடே தூங்கின பிறகு எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னித்துக்கொள். என் பெண் வாலு என் இடது கையைத் தலையணையாக்கிக்கொண்டு தூங்குகிறாள். காகிதத்தைப் பிடிக்கக் கை இல்லை, அதனால் வரிகள் மலை ஏறி இறங்கும். இங்கே அனைவரும் நலம். நீயும் அத்தானும் பையன்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அனைவரும் நலம் என்றது வழக்கத்துக்கு எழுதியது. என்னை அதில் சேர்க்காதே.

போனில் சொல்லலாமே என்பாய். எங்கள் குளியலறைக் காற்றுத் துளை நேராக மாடிக்குப் போகிறது, நான் இங்கே பெருமூச்சு விட்டால் அங்கே "என்னம்மா ஆச்சு?" என்று குரல் வரும். விஷயமே மாடியைப் பற்றியது என்பதால் கடிதம்தான் பத்திரம்.

மாடியில் இருக்கும் என் ஓரகத்தியை உனக்குத் தெரியும். இவருடைய அண்ணி. பால்கனியில் வெள்ளைக் குழாய்களை அடுக்கி, துளை போட்டு, மண்ணே இல்லாமல் வெறும் சத்துத் தண்ணீரில் செடி வளர்க்கிறார். ஆரம்பித்தபோது நான் சிரித்தேன். இப்போது அங்கே கீரை இருக்கிறது, புதினா இருக்கிறது, யானைக் காது அகலத்துக்கு லெட்டூஸ் இருக்கிறது, கடைசிக் குழாயில் சாமந்தி வேறு, மஞ்சளும் ஊதாவுமாகப் பூத்துத் தெருவையே எட்டிப் பார்க்கிறது. பால்காரர் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போகிறார். போகட்டும், பால்காரர் பார்ப்பதில் எனக்கு ஒன்றும் இல்லை. என் பெண் சாப்பிடுகிறாள் அக்கா, அதுதான் எனக்கு ஆகவில்லை.

நீயே சொல். நான் கீரையை வேகவைத்து, கடைந்து, வடிகட்டி, முயல் படம் போட்ட கிண்ணத்தில் வைத்துக்கொண்டு கூடத்திலிருந்து சமையலறை, சமையலறையிலிருந்து படுக்கையறை, கட்டிலுக்கு அடியில் என்று ஓடுகிறேன். இவள் உதட்டை ஒட்டின உறை மாதிரி மூடிக்கொள்கிறாள். அதே பிள்ளை மாடிக்குப் போனதும் குழாயிலிருந்து ஓர் இலையைப் பிய்த்து, முழங்கை வழியாகத் தண்ணீர் சொட்டச் சொட்ட, உப்பு இல்லை ஒன்றும் இல்லை, பச்சையாக மென்று தின்கிறாள். தின்றுவிட்டு "இன்னும்" என்கிறாள். அந்த வார்த்தை அவளுக்குத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. டாக்டர் எடை போட்டுவிட்டு, ஏறவில்லையே என்று என் முகத்தைப் பார்த்தாரே, அன்றிலிருந்து நான் சரியாகத் தூங்கவில்லை என்று உனக்குத்தான் தெரியும். இவரிடம் அழுதால், "அண்ணிகிட்ட சாப்பிடுறால்ல, அப்புறம் என்ன? உள்ள போனா சரி" என்கிறார். யார் கையால் உள்ளே போகிறது என்று இவருக்கு ஒரு கவலையும் இல்லை. இன்னொன்றும் சொல்கிறேன், கோபப்படாதே. வாலு மாடிப்படியில் நின்று "பெரியம்மா" என்று கத்துகிறாள். உன்னைக் கூப்பிட வைத்திருந்த வார்த்தை அது. அதையும் மாடியில் இருக்கிற அவளே எடுத்துக்கொண்டாள். (அவள் என்று எழுதிவிட்டேன், இருக்கட்டும், அடித்துத் திருத்தவில்லை.)

சரி, தண்ணீரில்தானே வளர்கிறது, நானும் படித்தவள்தானே என்று நானும் இறங்கினேன். வாலுவின் பொம்மைப் பெட்டியைக் காலி பண்ணி, மூடியில் துளை போட்டு, காற்றுக் குமிழி விடுகிற சின்ன மோட்டார் வாங்கிக் கூடத்து ஜன்னல் ஓரத்தில் வைத்தேன். மாடியில் நாற்றைப் பாத்திரம் தேய்க்கிற மஞ்சள் ஸ்பாஞ்சை வெட்டித்தான் சுற்றி வைக்கிறார்கள். பிள்ளை சாப்பிடுகிற பொருளுக்குப் பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சா? நான் கீரை விதையை வாலுவின் பஞ்சை வைத்துச் சுற்றினேன். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்தேன், துளையில் வைக்கிற கிண்ணங்களைப் பால் பாட்டில் மாதிரி வெந்நீரில் போட்டு எடுத்தேன், சத்து மருந்தை மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்துத்தான் ஊற்றினேன். இதற்கு மேல் ஒரு தாய் என்ன செய்ய முடியும்?

பெட்டி கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்ததில் வேர் தெரியும் என்று சந்தோஷப்பட்டேன். வெளிச்சம் பட்டுப் பாசி பிடித்தது. ஆக என் வீட்டில் முதலில் பச்சையாக வளர்ந்தது தண்ணீர்தான். கழுவித் துடைத்து, கறுப்புத் துணி சுற்றி மறுபடி வைத்தேன். நாற்று வந்தது, ஆனால் ஒல்லி. மாடியில் இருப்பதெல்லாம் கொழு கொழு என்று இருக்கும்போது என்னுடையது மட்டும் ஏன் ஒல்லியாக இருக்க வேண்டும் என்று அளவுக்கு மேல் ஒரு மூடி சத்து ஊற்றினேன். சாயங்காலம் பார்த்தால் இன்னும் ஒல்லியாகத் தெரிந்தது, இன்னொரு மூடி. மறுநாள் காலையில் பாவமாக இருந்தது, இன்னொன்று. இலை ஓரமெல்லாம் அடுப்பில் காட்டினது மாதிரி கருகிப் போயிற்று. அந்த நேரம் பார்த்து ஓரகத்தி மாடியிலிருந்து இறங்கி வந்து, பெட்டிக்குள் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொல்கிறார்:

"ஏம்மா, வயிறு நெறஞ்ச பிள்ளைக்கு மறுபடி மறுபடி ஊட்டினா அது என்ன பண்ணும்? செடியும் அதைத்தான் பண்ணுது. கொஞ்ச நாள் வெறும் தண்ணியில விடு. பசிச்சா தானா எடுத்துக்கும்."

"செடியைத்தானே சொல்றீங்க அக்கா?" என்று கேட்டேன்.

"பின்ன யாரை?" என்று சிரித்துக்கொண்டே வாலுவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அவர் இடுப்பில் இவள் உட்காருகிற லட்சணத்தை நீ பார்க்க வேண்டும், பல்லக்கில் போகிற மாதிரி.

நான் வெறும் தண்ணீருக்கு மாற்றினேன் என்பது உண்மை. அவர் சொன்னதால் அல்ல, சத்து பாட்டில் காலியாகிவிட்டது. அதோடு, மோட்டார் ராத்திரியெல்லாம் முனகினால் செடி எப்படித் தூங்கும் என்று அதை நிறுத்திவிட்டுப் படுத்தேன். மோட்டார் இருந்தது கீழே, செருப்பு அலமாரியின் மேல்தட்டில். நிறுத்தினால் பெட்டித் தண்ணீர் காற்று போகிற அதே குழாய் வழியாகத் திரும்பி இறங்கும் என்று யார் கண்டது? காலையில் பெட்டி காலி, வேர்களெல்லாம் துவண்ட நூல், தண்ணீர் முழுக்க இவருடைய ஆபீஸ் ஷூவில். வேறு ஷூ இல்லாமல் அதையே போட்டுக்கொண்டு போனார். அதிகாரி பேசும்போது இவர் எழுந்து நடந்தாராம், ஒவ்வொரு அடிக்கும் தவளை கத்தினது மாதிரி சத்தமாம். வீட்டுக்கு வந்து என்னைத் தாண்டி நேரே மாடிக்குப் போய் அண்ணியிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். காற்றுத் துளையில் எனக்கும் கேட்டது.

ஆனால் ஒன்று அக்கா, என்னைச் சாதாரணமாக நினைக்காதே. பெட்டியில் மறுபடி தண்ணீர் ஊற்றி வைத்தேன், மறுநாள் குளித்துவிட்டு வந்து பார்த்தால் அத்தனையும் செத்த இடத்தில் ஜன்னல் பக்கத்து மூலையில் ஒரு செடி மட்டும் பிழைத்துக்கொண்டிருந்தது. பிழைத்தது என்றால் சும்மா இல்லை, ராத்திரியோடு ராத்திரியாக உள்ளங்கை அகலத்துக்கு இலை விட்டு நிற்கிறது. மாடியில் இருப்பதற்கு ஒரு மாற்றுக் குறையாது. கைராசி என்பது இதுதான். இதைத் தனியாகத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன், கண் பட்டுவிடும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீ மண் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறவள், மண்ணை நம்பிச் சம்பளம் வாங்குகிறவள். நீ சொன்னால் இவர் மறு பேச்சு பேச மாட்டார். அதனால், மண்ணில் வளராததைச் சின்னப் பிள்ளைகளுக்குப் பச்சையாகக் கொடுக்கும் முன் யோசிக்க வேண்டும் என்று இவருக்கு இரண்டு வரி எழுது. பொய் எழுதச் சொல்லவில்லை. யோசிக்க வேண்டும் என்றுதானே சொல்கிறேன், எதைத்தான் யோசிக்காமல் கொடுக்கலாம்? வாலு மாடிக்குப் போவது நின்றால் போதும். பசித்தால் என்னிடம்தான் வர வேண்டும்.

அத்தானுக்கு என் பணிவான வணக்கம். பையன்கள் இரண்டு பேருக்கும் இந்தச் சித்தியின் முத்தங்கள், பெரியவனுக்கு வெட்கமாக இருந்தால் அவனுடையதையும் சின்னவனுக்கே கொடுத்துவிடு. உங்கள் வீட்டில் எந்தக் குறையும் இல்லாமல் எல்லோரும் நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உன் தங்கை.

பின்குறிப்பு: காலையில் எழுதுகிறேன். உறையில் போட இருந்தேன், கூடத்தில் சத்தம். போய்ப் பார்த்தால் வாலு துணியை விலக்கி, என் செடியை வேரோடு பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். திட்ட வாய் திறந்தேன், அதற்குள் தண்டு கண்ணில் பட்டது. பஞ்சு இல்லை. மஞ்சள் ஸ்பாஞ்சு. "இது ஏதுடி?" என்றேன். "பெரியம்மா வெச்சா. அம்மா குளிக்கப் போனா. ஷ்ஷ்" என்று உதட்டில் விரல் வைத்துக் காட்டுகிறாள். நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஓர் இலையைப் பிய்த்துச் சும்மா நீட்டினேன். வாயைத் திறந்தாள் அக்கா. என் கையிலிருந்து. மென்றுவிட்டு "இன்னும்" என்றாள். செடி முழுக்க அப்படியே தீர்ந்தது, எனக்கும் ஓர் இலை ஊட்டினாள். நன்றாகத்தான் இருக்கிறது.

ஆகவே மேலே சொன்ன எதையும் இவருக்கு எழுதித் தொலைக்காதே. கீரை வளர்ப்பதிலும் அவர்தான் முதல், நல்ல மனதிலும் அவர்தான் முதல் என்றால் நான் எதில்தான் முந்துவது, இதற்கு எந்தக் கடையில் சத்து பாட்டில் விற்கிறார்கள்? நான் கண்டுபிடித்தது அவருக்குத் தெரியாமல் அவருக்கு எப்படி நன்றி சொல்வது என்று யோசித்து எழுது. மூலைத் துளை காலியாக இருக்கிறது, குளிக்கப் போகிறேன். சீக்கிரம் பதில் போடு.