நிலத்தடி நீரைப் பூட்டி வைத்த விவரம்

அன்புள்ள மைத்துனருக்கு அத்தான் எழுதுவது.

நான் சுகம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். நீங்கள் சுகமாகத்தான் இருப்பீர்கள். உங்கள் அக்காதானே அங்கே சமைக்கிறாள். "கிணத்துல தண்ணி வந்தா சொல்லி அனுப்புங்க, வர்றேன்" என்று அவள் பெட்டியைத் தூக்கிய நாளிலிருந்து இந்த வீட்டில் என்னைத் திட்டக்கூட ஆளில்லை. தண்ணீர் வந்துவிட்டது. தயவுசெய்து அவளை அனுப்பி வைக்கவும். போன் செய்தால் அவளே எடுக்கிறாள், எனக்குப் பேச்சு வரமாட்டேன் என்கிறது, அதனால்தான் கடிதம். அவள் ஒன்றுக்குப் பத்தாகச் சொல்லியிருப்பாள். என் பக்கத்து நியாயத்தையும் கேளுங்கள்.

வேலைக்காலம் முழுக்க நான் தொழிற்சாலைக் கிடங்குக்குப் பொறுப்பாளன். திறந்து கிடக்கும் சரக்கு குறையும், பூட்டி வைத்த சரக்கு குறையாது. நான் கற்ற பாடம் அவ்வளவுதான். கோடையில் கிணறு இறங்கிக்கொண்டே போனது. யார் எடுக்கிறார்கள் என்று யோசித்தேன். சூரியன்! மண்ணின் ஈரத்தைப் பட்டப்பகலில் உறிஞ்சி மேகத்திடம் கொடுத்துவிடுகிறான், மேகம் அதை யார் ஊரிலோ கொண்டுபோய்க் கொட்டுகிறது. ஆகவே ஓரம்கூட விடாமல் முற்றம் முழுக்கக் கான்கிரீட் போட்டேன். "மழத்தண்ணி எறங்க எடம் விட வேணாமா சார்?" என்றார் கொத்தனார். கிடங்கில் ஓட்டை வைத்துவிட்டு யாராவது பூட்டுவார்களா என்று அவர் வாயை அடைத்தேன். மூலையில் நின்ற மரம் வேரால் குடித்து இலையால் ஊதிவிடுகிறது என்று எங்கோ படித்த ஞாபகம். உள்ளாள் திருட்டு! அதையும் வெட்டினேன். துணி காயப்போட வந்த உங்கள் அக்கா, "மூடின பானையில எப்படிங்க தண்ணி ஊத்துவீங்க?" என்று மட்டும் கேட்டாள். இவளுக்கு நிர்வாகம் புரியாது என்று நினைத்துக்கொண்டேன். (இந்த வரியை அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.)

மழை வந்தது. சும்மா சொல்லக்கூடாது, என் கான்கிரீட் ஒரு சொட்டுக்கூட உள்ளே விடவில்லை. அத்தனையும் வழுக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுத் தையல்காரர் வீட்டுக்குள் போய், வெட்டி வைத்த சட்டைத்துணிகளையெல்லாம் மிதக்கவிட்டது. நனைந்த காலர் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார் மனுஷன். "உங்க தண்ணிய நீங்களே வச்சுக்கக் கூடாதா சார்?" "என் தண்ணி கீழ பத்திரமா இருக்கு. இது மேகத்தோடது, அங்க போய்க் கேளுங்க"ன்னேன். வாய் சும்மா இருக்குமா? அவர் முற்றம் வெறும் மண்ணு. எல்லாத்தையும் குடிச்சுட்டு அவர் கிணறு நிரம்பிடுச்சு, நம்ம கிணத்துலேர்ந்து தவளைகூட வீட்டைக் காலி பண்ணிடுச்சு. நான் குடத்தைத் தூக்கிட்டுப் போய், ரசீது இல்லாம வந்த சரக்கைத் திருப்பிக் குடுங்கன்னு கேட்டேன். அவர் எல்லையில முழங்கால் உயரத்துக்குச் சுவர் எழுப்பிட்டார். அடுத்த மழை அந்தச் சுவர்ல முட்டித் திரும்பி நேரா நம்ம சமையலறைக்கே வந்துச்சு. அடுப்படியில கணுக்கால் வரை தண்ணி, கிணத்துல பொட்டுத் தண்ணி இல்ல. அன்னிக்குத்தான் உங்க அக்கா பெட்டியை எடுத்தா.

இப்போ கொத்தனாரைக் கெஞ்சிக் கூப்பிட்டு, கான்கிரீட்டைப் பாதி உடைச்சு, குழி வெட்டி ஜல்லி நிரப்பியாச்சு. மரக்கன்னும் ஒண்ணு வச்சிருக்கேன். அப்புறம் பெஞ்சது ஒரே ஒரு தூறல்தான். எட்டிப் பார்த்தா கிணத்துல முழங்கால் அளவு தண்ணி! என் குழியோட திறமையைப் பாருங்க. வெட்கத்தை விட்டுச் சொல்றேன், அவ இல்லாத வீட்டுல எனக்கு இருக்கவே பிடிக்கல.

குழாய் சொட்டாமலும் கூரை ஒழுகாமலும் உங்கள் குடும்பம் நீடூழி வாழ்க. குழந்தைகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது பின்பக்கம் சலசலவென்று சத்தம். போய்ப் பார்த்தால், தையல்காரர் தன் மோட்டாரைப் போட்டு, சுவருக்கு மேலாக ஒரு குழாயை நம் கிணற்றுக்குள் விட்டுக்கொண்டு நிற்கிறார். திருதிருவென்று முழித்தார். "அக்காதான் சார் போன் பண்ணாங்க. 'எனக்கும் வீட்டுக்கு வரணும்னுதான் இருக்கு, வாய விட்டுட்டேன், தண்ணி வராம எப்படி வர்றது? அவர் பாக்காதப்ப கொஞ்சம் ஊத்தி விடுங்க'ன்னாங்க" என்றார். அது என் தண்ணீர்தான் என்று நாக்கு நுனிவரை வந்தது; விழுங்கிவிட்டேன். ஆகவே அவளை அனுப்ப வேண்டாம். இந்தக் கடிதத்தின் பின்னாலேயே நான் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன். கிணறு மழையில் ஊறியதாகவே அவளிடம் சொல்லுங்கள்.