சைரன் பினாங்குக்குப் போன கதை

உலகத்தில் இதுவரை பிறந்த பயந்தாங்கொள்ளிகளை எல்லாம் எண்ணூர் ஹைரோட்டில் வரிசையாக நிற்க வைத்தால், முதல் ஆளாக எங்கள் சைரன்தான் நிற்பார். நிற்பாரா என்பதும் சந்தேகம்தான். "எவன்டா இத்தினி பேர ரோட்ல நிக்க வெச்சது? காத்து எங்கருந்து அடிக்குதுன்னு பாத்தியா?" என்று கத்தி, மொத்த வரிசையையும் கலைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று கட்டாயம் இருக்கும். எர்ணாவூரில் எங்கள் தெருவில் யாருக்கும் அது தெரியாது. திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் அவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார், நான் அதே யார்டின் கேட் ஆபீசில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். குடியிருப்பும் பக்கத்துப் பக்கத்து வீடு. ஆகவே அவர் கத்தலிலிருந்து எனக்கு ஞாயிற்றுக்கிழமைகூட லீவு கிடையாது.

எங்கள் பக்கம் சுற்றிலும் கம்பெனிகள். காலையில் ஒரு வாசனை வரும், சாயங்காலம் வேறு ஒன்று வரும். நாங்கள் எல்லாம் பழகிப்போனோம், சைரன் பழகவில்லை. அவர் வீட்டு வாசலில் எப்போதும் ஒரு பக்கெட் தண்ணீர் இருக்கும், அதில் துண்டுகள் ஊறிக்கொண்டிருக்கும். மொட்டை மாடியில் ஒரு கம்பு நட்டு, காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கச் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார். கம்பெனியிலிருந்து கேஸ் கசிந்து வந்தால் ஈரத்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு காற்றுக்குக் குறுக்கே ஓட வேண்டும். "துண்டு, தண்ணி, காத்து!" இதுதான் அவருடைய வேதம். எங்கள் தெருப் பிள்ளைகள் அ, ஆ படிப்பதற்கு முன்னால் இதைப் படித்தார்கள்.

இத்தூண்டு சந்தேகம் வந்தாலும் போதும், தெருவில் இறங்கி, "வந்துட்ச்சுடோய்ய்ய்!" என்று ஒரு குரல் கொடுப்பார். ஹார்பரில் கப்பல் ஊதுவதெல்லாம் அதற்கு அப்புறம்தான். எதிர்வீட்டு ரோஸி அக்கா மிளகாய் வறுத்ததற்கு எங்கள் தெரு ஒருமுறை காலி செய்யப்பட்டது. நாங்கள் எல்லாரும் மூக்கில் துண்டோடு மெயின் ரோட்டில் நிற்க, ரோஸி அக்கா கரண்டியோடு வந்து, "என் வூட்டு மொளகாய நான் வறுக்கக் கூடாதாண்ணா? இன்னா பேஜாரா கீது உன்னோட!" என்று சண்டை பிடித்தார். "வறு, வாணாங்கல. வறுக்கச் சொல்லோ ஒரு வார்த்த சொல்லிட்டு வறு" என்றார் சைரன்.

ஒரு கல்யாண ரிசப்ஷன் கதையையும் சொல்லிவிடுகிறேன். இப்போதெல்லாம் பொண்ணும் மாப்பிள்ளையும் மேகத்தில் நடந்து வருகிற மாதிரி மெஷின் வைத்துப் புகை விடுகிறார்களே, அது எங்கள் ஏரியாவுக்குப் புதிதாக வந்த நேரம். புகை கிளம்பியது. எல்லாரும் போனில் படம் பிடித்துக்கொண்டிருக்க, சைரன் ஒரே பாய்ச்சலில் போய் ஈரத்துண்டைப் பொண்ணு மூஞ்சியில் அப்பிவிட்டார். துண்டை எடுத்தபோது மேக்கப் முழுக்கத் துண்டில் இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் பொண்ணை அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தார்கள்.

இத்தனை கூத்துக்கும் நடுவில் ஒரு சாயங்காலம் நிஜமாகவே வந்தது. எங்கிருந்து வந்தது, என்ன கேஸ் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. கண் எரிந்தது, தொண்டை அடைத்தது. நாங்கள் வழக்கம்போல் ரோஸி அக்கா வீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம். சைரன் தன் மகள் பிரிசில்லாவைத் தோளில் போட்டு, அவள் முகத்தில் துண்டைக் கட்டி, வீடு வீடாகக் கதவைத் தட்டிக் கத்திக்கொண்டே ஓடினார். பிரிசி அப்போது நாலாம் வகுப்பு. அன்றைக்கு எங்கள் தெருவில் ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகும் அவரைக் கிண்டல் செய்தோம். ஆனால் ஓடி முடித்துவிட்டுத்தான் செய்தோம்.

அந்த பிரிசி இன்ஜினியரிங் முடித்து, மலேசியாவில் பினாங்கில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலைக்குப் போனாள். சர்ச் கொயரில் கிடார் கற்ற பெண். அங்கே போய், சின்னதாக ஒரு ராக் பேண்டில் சேர்ந்து பேஸ் கிடார் வாசிக்க ஆரம்பித்திருந்தாள். "நைனா, எங்க ஷோ ஒண்ணு கீது. நீயும் அம்மாவும் வாங்க, டிக்கெட் போடறேன்" என்று போன் செய்தாள்.

சைரனின் மனைவி எலிசா அக்கா போனைப் பிடுங்கிக்கொண்டார். "இந்த ஆளோட தரையில குடும்பம் நடத்துனது போதாதா? ஆகாசத்துலயும் நடத்தணுமா? என்னால ஆவாதும்மா. பக்கத்து வூட்டுச் சித்தப்பாவ அனுப்பறேன்." பக்கத்து வீட்டுச் சித்தப்பா என்பது நான்தான். என்னை யாரும் கேட்கவில்லை.

ஏர்போர்ட்டிலேயே ஆரம்பித்தது. சைரன் பையில் பிளாஸ்டிக் கவர், கவருக்குள் ஈரத்துண்டு. சோதனை செய்த அதிகாரி அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார்.

"இது என்னங்க?"

"துண்டு சார்."

"ஏன் ஈரமா இருக்கு?"

"காஞ்சா பிரயோசனம் இல்ல சார்."

பிழிந்துவிட்டு வரச் சொன்னார்கள். பிழிந்தார். உள்ளே போனதும் முதல் வேலையாக பாத்ரூமுக்குப் போய் மறுபடி நனைத்துக்கொண்டு வந்தார். விமானத்தில் உட்கார்ந்தோம். நம்ம ஊர் புழுக்கத்தில் மேலே ஏசி ஓட்டையிலிருந்து வெள்ளையாக ஆவி இறங்குமே, அது இறங்கியது. சைரன் வாயைத் திறந்தார். நல்லவேளை, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததால் என் கை அவர் வாய்க்கு எட்டியது. விமானப் பணிப்பெண் ஓடி வந்து, "ஒண்ணுமில்ல சார், ஏசி காத்துதான்" என்றாள். "எல்லாக் கம்பெனிக்காரனும் மொதல்ல இப்டித்தாம்மா சொல்லுவான்" என்றார் சைரன். பினாங்கில் இறங்கும்வரை மூக்கிலிருந்து துண்டை எடுக்கவில்லை. அவருக்கு மறுபக்கத்து சீட்டுக்காரர் அவருக்கு ஏதோ பெரிய வியாதி என்று நினைத்து எழுந்து பின்னால் போய்விட்டார்.

பினாங்கில் பிரிசி எங்களுக்கு நாசி கண்டார் என்று அந்த ஊர்க் குழம்புச் சோறு வாங்கிக் கொடுத்தாள். சாப்பிட்டு முடித்ததும் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நைனா, ஷோல புகை வுடுவாங்க. அது கேஸ் இல்ல, கல்யாணத்துல வுட்டாங்களே, அந்த மெஷின். நீ சவுண்டு மட்டும் குடுக்கக் கூடாது. சத்தியம் பண்ணு."

"பைபிள் மேலயா?"

"அம்மா மேல."

சைரன் கவருக்குள் விரலை விட்டு, துண்டு ஈரமாக இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு, "சரி, எலிசா மேல சத்தியம்" என்றார். இந்தத் தடவை ஒழுங்காக முடித்துவிட வேண்டும் என்று பிரிசி தனக்குள் முனகிக்கொண்டது எனக்கு மட்டும் கேட்டது.

ஷோ நடந்த இடம் ஒரு பழைய கிடங்கு. எங்கள் ஏரியாவில் ஆடி மாசம் கூழ் ஊற்றினால் அதைவிடக் கூட்டம் வரும். கறுப்பு பனியன் போட்ட பையன்கள், காதில் வளையம், பச்சை முடி. டிரம்ஸ் வாசிக்கும் குமரன் மலேசியத் தமிழன், என்னைத் தனியாக ஓரம்கட்டினான்.

"அங்கிள், ஒண்ணு சொல்லணும் லா. போன ஷோல புகை வந்ததும் பிரிசி பாதிப் பாட்டுல கிடார கீழ போட்டுட்டு வெளிய ஓடிட்டாங்க. இன்னிக்கும் அப்படி ஆச்சுன்னா வேற ஆள் எடுத்துருவோம்னு பாடற பையன் சொல்லிட்டான். அவங்க அப்பாவுக்குத் தெரிய வேணாம்னு சொன்னாங்க."

"புகை இல்லாம நடத்தக் கூடாதா தம்பி?"

"ராக்குக்குப் புகை இல்லாமலா அங்கிள்?"

ஒரு சைரனையே சமாளிக்க முடியாது, இங்கே கீழே ஒன்று, மேடையில் ஒன்று! இந்தப் பெண்ணுக்கு வேலை விட்டால் அறை, அறை விட்டால் வேலை. அந்த ஊரில் அவளுக்கென்று இருந்த சந்தோஷம் இந்த ஒரு கிடார்தான். அதுவும் இன்றைக்குப் போய்விடும் போலிருந்தது.

முதல் பாட்டு தொடங்கியது. பாட்டா அது! பத்து கன்டெய்னரை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு உடைத்த மாதிரி ஒரு சத்தம். சைரன் என் காதுக்குள் வாயை வைத்துப் பேசிக்கொண்டே இருந்தார்.

"மாமு, அந்த ஸ்பீக்கர் ஆடுது பாரு."

"பாட்டுக்கு ஆடுதுண்ணா."

"வெளிய போற வழி ரெண்டுதான் கீது. அதுல ஒண்ணு பூட்டிகீது. நான் வந்தவொடனே பாத்துட்டேன்."

"கம்னு பாருண்ணா, உன் பொண்ணு வாசிக்கிறா."

பார்த்தார். பிரிசி தலையைக் குனிந்து நன்றாகத்தான் வாசித்தாள். எனக்கு அந்தச் சங்கீதம் புரியவில்லை, ஆனால் அவள் வாசிக்கும்போது நெஞ்சுக்கூட்டில் யாரோ தட்டுகிற மாதிரி இருந்தது. "இன்னாமா வாசிக்கிறா பாரு, என் பொண்ணு" என்று சைரன் சொல்லி வாய் மூடவில்லை, மேடை ஓரத்தில் மெஷின் உஸ்ஸென்றது.

புகை வந்தது. அதோடு எதுவோ தீய்ந்த மாதிரி ஒரு தித்திப்பு வாசனையும் வந்தது. சைரன் கவரைப் பிரித்துத் துண்டை எடுத்து மூக்கில் வைத்தார். விரலை எச்சில் பண்ணித் தூக்கிப் பிடித்தார். "காத்தே இல்ல மாமு. எந்தப் பக்கம் ஓடறது?"

"அண்ணா, அது கேஸ் இல்ல. உனக்குத் தெரியும்."

"மூளைக்குத் தெரியும் மாமு. மூக்குக்குத் தெரிய மாட்டேங்குதே!" கத்திவிடாமல் இருக்கத் துண்டின் முனையைப் பல்லால் கடித்துக்கொண்டார்.

அப்போது மேடையில் பிரிசியின் கை நின்றது. புகை அவள் கழுத்துவரை ஏறியிருந்தது. தோளைத் தூக்கி மூக்கை அதில் புதைத்துக்கொண்டாள். பாடுகிற பையன் திரும்பி முறைத்தான். குமரன் டிரம்ஸை அடித்துக்கொண்டே அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினான், வேண்டாம் வேண்டாம் என்று. அவளுடைய ஒரு கால் பின்னால் போனது. அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். இப்போது கீழேயிருந்தும் சத்தம் வரும் என்று சைரனின் வாயைப் பொத்தத் திரும்பினேன்.

பக்கத்தில் ஆள் இல்லை.

வெளியே ஓடிவிட்டார் என்று வாசலைப் பார்த்தேன். அங்கேயும் இல்லை. மனுஷன் பச்சை முடிக்காரர்களை விலக்கிக்கொண்டு மேடையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தார். ஆயுசு முழுக்கப் புகைக்குக் குறுக்கே ஓடியவர், நேராகப் புகைக்குள் நடந்து போனார். மேடை முழங்கால் உயரம்தான். பிரிசி அவரைப் பார்த்ததும் அப்படியே குனிந்தாள். சைரன் தன் மூக்கிலிருந்த துண்டை எடுத்து, நாலாம் வகுப்பில் கட்டிய மாதிரியே அவள் மூக்கைச் சுற்றிக் கட்டி, பின்னால் ஒரு முடிச்சுப் போட்டு, கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டினார்.

பிரிசி நிமிர்ந்தாள். முகத்தில் கண் மட்டும்தான் தெரிந்தது. கையைக் கிடாரில் வைத்தாள், வாசித்தாள். குமரனுக்கு என்ன வெறி வந்ததோ, டிரம்ஸைப் பிளந்தான். முன்னால் நின்ற பையன்கள் இதுதான் பேண்டின் ஸ்டைல் என்று நினைத்து ஆளாளுக்குப் பனியனை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு குதித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சைரனிடம் இருந்தது அந்த ஒரே துண்டு. வெறும் மூக்கோடு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, கைகளைப் பக்கத்தில் விறைப்பாக வைத்துக்கொண்டு, அந்தப் புகைக்குள் பாட்டு முடியும்வரை அவர் நின்றார். உடம்பெல்லாம் உதறியது. ஒரு அடிகூட நகரவில்லை.

கடைசிப் பாட்டும் முடிந்து கைதட்டல் ஓயும்போது, பிரிசி துண்டைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு மைக்கைப் பிடித்தாள்.

"நைனா, இப்ப குடு சவுண்டு."

"சத்தியம் பண்ணிகீறேன்டி, உங்கம்மா மேல!"

"அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன். குடு நைனா!"

சைரன் எங்களை எல்லாம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். மூச்சை இழுத்தார். "வந்துட்ச்சுடோய்ய்ய்!" என்று கொடுத்தார் ஒரு குரல். மைக் இல்லை, ஸ்பீக்கர் இல்லை. கிடங்கு அதிர்ந்தது. ஒரு வார்த்தை புரியாத அத்தனை பிள்ளைகளும் அதையே திரும்பக் கத்தினார்கள். நான் அழுதேன், அதிலென்ன வெட்கம்.

நான் மட்டும்தான் ஊர் திரும்பினேன். "இன்னும் ரெண்டு ஷோ கீது, இருந்துட்டுப் போ நைனா" என்று பிரிசி அவரைப் பிடித்து வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு ஷோவிலும் முன்வரிசையில் ஈரத்துண்டோடு நிற்கிறாராம். இரண்டு துண்டு கொண்டுபோகிறார் என்று கேள்வி.

போன வாரம் சாயங்காலம் எங்கள் தெருவில் ஒரு வாசனை வந்தது. எல்லாரும் வாசலுக்கு வந்துவிட்டோம். பூட்டியிருந்த சைரன் வீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம். எலிசா அக்கா தனிக்குடித்தனம் போன மூத்த மகன் வீட்டுக்குப் போயிருந்ததால் பக்கெட் காய்ந்து கிடந்தது. ரிப்பன் மட்டும் மேலே ஆடிக்கொண்டிருந்தது. ஓடுவதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. ரோஸி அக்கா, "நான் ஒண்ணும் வறுக்கலப்பா" என்றார், பயந்துபோன குரலில். கடைசியில் நான் பினாங்குக்கு வீடியோ கால் போட்டேன்.

"ண்ணா, இங்க ஒரு மாதிரி வாசன வருது."

"எப்டி கீது? அழுகுன முட்ட மாதிரியா? ரிப்பன் எந்தப் பக்கம் ஆடுது? இன்னாடா நின்னுகினு கீறீங்க? துண்டு! தண்ணி! காத்து!"

போனைத் தூக்கிப் பிடித்தேன். மொத்தத் தெருவும் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு ஓடியது. மெயின் ரோட்டுக்குப் போன பிறகுதான் தெரிந்தது, யாரோ டயர் கொளுத்தியிருக்கிறார்கள். ஒருத்தரும் சிரிக்கவில்லை. அவர் போனில் இன்னும் கத்திக்கொண்டே இருந்தார்.

சீக்கிரம் வாண்ணா. போன்ல உன் சவுண்டு சரியா கேக்க மாட்டேங்குது.