இரண்டாயிரம் படம் கொள்ளும் கார்டு

நாற்காலியை இன்னும் கொஞ்சம் அடுப்போரம் இழுத்துக்கொள்ளுங்கள், கண்ணுகளா. வெளியே பனி கொட்டுகிறது, யாருக்கும் அவசரமில்லை. மச்சானைத் திருடன் என்று முடிவுகட்டிய டெல்மர் வோய்ச்சிக்கின் கதையைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு அவனிடமே போய்ச் சொல்லிவிடாதீர்கள். பாவம், நம் தெருவழியாகத்தான் தபால் எடுக்கப் போகிறான்.

அன்றைக்கு டெல்மர் சமையலறை மேசையில் கணினியை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். காட்டில் ஓக் மரத்தில் கட்டிய கேமராவிலிருந்து கழற்றி வந்த மெமரி கார்டு அதில் செருகியிருந்தது. எதிரே ஏதாவது அசைந்தால் தானாகவே படம் பிடிக்கும் கேமரா. வேட்டைப் பருவம் தொடங்குமுன் பெரிய கொம்பு மான் எந்தப் பக்கம் நடமாடுகிறது என்று பார்க்க எல்லாரும் கட்டுவதுதான்.

“மார்லிஸ், இங்க வா. எட்டு ஜி.பி. கார்டு. ஒரு படம் நாலு எம்.பி. எத்தனை படம் பிடிக்கும்?”

“நீயே சொல்லு. எப்படியும் சொல்லாம விடமாட்ட” என்றாள் அவன் மனைவி, உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே.

“ரெண்டாயிரம். கார்டு நிறைஞ்சிடுச்சுன்னு காட்டுது. உள்ள இருக்கிறது அறுநூத்தி எழுபது. அதுல பாதி காத்துல ஆடுற புல்லு. மிச்சப் படமெல்லாம் எங்க?”

“கணக்கு தப்பா இருக்கும்.”

அந்தச் சொல்லை மட்டும் டெல்மரால் தாங்க முடியாது. பாலாடைக்கட்டித் தொழிற்சாலையில் ஆயுள் முழுக்க வேலை பார்த்தவன். தொட்டியில் பாலை எட்டிப் பார்த்து இத்தனை பாக்கெட் தேறும் என்பான், தேறும்.

“கணக்கு தப்பாகாது. யாரோ எடுத்திருக்கான். யாருன்னும் எனக்குத் தெரியும். ஹார்லன்.”

ஹார்லன் அவன் தங்கை டோரீனின் கணவன். அப்பா விட்டுப்போன காட்டில் வடக்குப் பாதி டெல்மருக்கு, தெற்குப் பாதி தங்கைக்கு. நடுவே ஒற்றை அறைக் குடிசை. கல்யாணமான நாள் முதல் ஒவ்வொரு நவம்பரும் மச்சான்மார் இருவரும் அதில்தான் தங்கி வேட்டைக்குப் போவார்கள். ஹார்லன் பன்றிக் கொழுப்பில் வெங்காயம் வதக்குவான். கருகிவிட்டது என்று டெல்மர் திட்டுவான். திட்டிக்கொண்டே சட்டியை வழித்துச் சாப்பிடுவான்.

“அவன் படத்தை அழிச்சிருந்தா கார்டுல இடம் காலியாயிருக்கணுமே. நிறைஞ்சிருக்குன்னு ஏன் காட்டுது?” என்று கேட்டாள் மார்லிஸ்.

“அதான் அவன் சாமர்த்தியம்.”

மறுநாளே டெல்மர் பதினாறு ஜி.பி. கார்டு வாங்கிவந்தான். நாலாயிரம் படம் கொள்ள வேண்டும். பூட்ஸில் மனித வாடை போக மருந்து தெளித்துக்கொண்டு காட்டுக்குள் போய்ச் செருகினான். திரும்பக் கழற்றிப் பார்த்தபோது ஆயிரத்து முந்நூற்று நாற்பது.

“பாத்தியா? முன்னாடி ஆயிரத்துச் சொச்சம் திருடினான். இப்ப ரெண்டு மடங்கு திருடறான்.”

“அதெப்படி ரெண்டு தடவையும் சரியா மூணுல ரெண்டு பங்கு எடுப்பான்? தராசு வச்சுத் திருடுவானா?”

“அவன் மளிகைக்கடையில இருந்தவன். பழக்கம் போகுமா?”

அடுத்த முறை மரத்தடியிலேயே கேமராவைத் திறந்து அமைப்பைப் பார்த்தான். படத்தின் அளவு ‘பெரியது’ என்று இருந்தது. அவன் வைத்தது ‘சிறியது’. பெரிய படம் கார்டை மூன்று மடங்கு அடைக்கும். கணக்கு இடித்த இடம் இதுதான். ஹார்லன் வேண்டுமென்றே மாற்றியிருக்கிறான், மான் வரும்போது கார்டில் இடமே இருக்கக் கூடாதென்று.

திரும்பச் சிறியதாக்கினான். அடுத்த முறை பெரியதாகியிருந்தது. மறுபடி சிறியதாக்கி, கேமராவைச் சங்கிலி போட்டு மரத்தோடு பூட்டினான். பூட்டை யாரோ அறுத்து எறிந்துவிட்டு வேறு பூட்டு போட்டிருந்தார்கள். அதை டெல்மர் அறுத்தான். சும்மா சொல்லக்கூடாது, அவன் வாங்கியதைவிட நல்ல பூட்டு.

அன்று கழற்றிய கார்டில்தான் சாட்சி கிடைத்தது. திரை முழுக்க ஹார்லன் முகம். மூக்கு ஒரு முள்ளங்கி அளவுக்கு. கையில் ரம்பம்.

டெல்மர் அதை அச்செடுத்து மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தான். பிறகு குடிசைக் கதவுக்கு ஒரு புதுப்பூட்டு வாங்கினான்.

“இந்த வருஷம் அவன் வேற எங்கயாவது போய் வெங்காயம் வதக்கட்டும்.”

“டோரீன் உன் மூஞ்சியிலயே முழிக்கமாட்டா, டெல். யோசிச்சுக்க” என்றாள் மார்லிஸ். அன்றிரவு அவன் உருளைக்கிழங்கைத் தொடவில்லை.

வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்கு ஊரே ஸ்டாஷ் உணவு விடுதியில் கூடியிருந்தது. ஹார்லனும் டோரீனும் ஏற்கெனவே மூலை மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். டெல்மர் உட்காராமலே படத்தை எடுத்து ஹார்லனின் தட்டுப் பக்கத்தில் வைத்தான்.

“இது யார் மூஞ்சி?”

ஹார்லன் படத்தைத் தூக்கிப் பார்த்தான். “என்னுதுதான். ஏன், நல்லாத்தானே இருக்கு?”

“அளவைப் பெரிசாக்கினது யாரு?”

“நான்தான்.”

“பூட்டை அறுத்தது?”

“அதுவும் நான்தான். எந்தக் கழுதையோ வந்து பூட்டிட்டுப் போனா அறுக்காம முத்தம் கொடுக்கவா?”

பக்கத்து மேசைகளில் முள்கரண்டிச் சத்தம் நின்றது.

“கேட்டீங்களா?” என்று ஊரைப் பார்த்துத் திரும்பினான் டெல்மர். “வெக்கமே இல்லாம ஒத்துக்கிறான். இனிமே என் குடிசைப் பக்கம் காலை வைக்காத. புதுப்பூட்டு போட்டாச்சு.”

“அண்ணே, என்ன பேச்சு இது” என்றாள் டோரீன். அவள் கண் கலங்கிவிட்டது.

ஹார்லன் நாப்கினைக் கழுத்திலிருந்து உருவினான். அவன் குரலும் உடைந்திருந்தது. “எல்லைக்கு என் பக்கத்து ஓக் மரத்துல நான் கட்டின என் கேமராவைத் தொடறதுக்கு உன்கிட்ட எதுக்குடா கேக்கணும்?”

“உன் கேமராவா?”

அப்போது பின்னாலிருந்து ஒரு கை டெல்மரின் தோளைத் தட்டியது. கிழக்கு வேலிக்கு அந்தப்பக்கம் சோளம் போடுகிற எர்வின் க்ரூகர், மீன் தட்டோடு நின்றிருந்தான்.

“டெல்மர், நல்லவேளை உன்னைப் பாத்தேன். போன மாசம் பெருங்காத்துல உன் ஓக் மரம் என் வேலிமேல சாஞ்சிடுச்சு, அதுல கட்டியிருந்த உன் கேமரா அன்னையிலேர்ந்து என் டிராக்டர் சீட்டுக்கடியிலதான் கிடக்கு. திறந்தா இன்னும் ரெண்டாயிரம் படத்துக்கு இடமிருக்குன்னு காட்டுது. எப்ப வந்து எடுத்துக்கப்போற?”

உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் எரியட்டும், கண்ணுகளா. அதைச் சுற்றி உங்கள் மச்சான்மார் சட்டியை வழித்துச் சாப்பிட்டுக்கொண்டே இருக்கட்டும்.