இரவல் நேர்ஸ்மார்

வேனிலிருந்து முதல் நேர்ஸ் இறங்கியபோது மர்ஸூக் சிரித்துத் தலையசைத்தார். இரண்டாவது நேர்ஸ் இறங்கியதும் சிரிப்பு நின்றது. எட்டாவது நேர்ஸைக் கண்டதும் ஆஸ்பத்திரிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இதெல்லாம் ஆர், நிக்கொலஸ் அண்ணன்?"

"நேர்ஸ்மார்," என்றார் நிக்கொலஸ். அவர் கருவாட்டு வியாபாரி; ஆஸ்பத்திரி நலன்புரிச் சங்கத்தின் தலைவர். மர்ஸூக் அதன் செயலாளர். "என்ட மருமகளும் அவளின்ட கூட்டாளிமாரும். தலவிலக் கோயில் திருநாளுக்கு வந்ததுகள். வரேக்க வெள்ளை உடுப்பையும் கொண்டு வரச் சொல்லி முந்தியே சொல்லி வச்சனான்."

"என்னத்துக்கு?"

"கொழும்பில இருந்து பெரிய ஆள் வாறார். ஆஸ்பத்திரி வெறிச்செண்டு கிடந்தா ஊருக்கு மரியாதையா, மர்ஸூக் நானா?"

கலியாண வீட்டுக்குக் கதிரை இரவல் வாங்குவது இந்தக் கரையில் வழக்கம். நேர்ஸ் இரவல் வாங்கிய முதல் மனிதர் நிக்கொலஸாகத்தான் இருக்க வேண்டும். அதுவும், இங்கே நேர்ஸ் இல்லை என்று காட்ட வேண்டிய நாளில்.

பாராளுமன்றத்துக்கு ஒரு சட்டமூலம் வரவிருந்தது. நேர்ஸ் பற்றாக்குறையான கரையோர ஊர்களில் அரசாங்கச் செலவில் தாதியர் பயிற்சிப் பள்ளி திறக்கலாம் என்று அதில் ஒரு பிரிவு. அந்தப் பிரிவுக்குள் தங்கள் ஊரை நுழைத்துவிட மர்ஸூக் மனுவோடு மீன் வாடிகள் எல்லாம் ஏறி இறங்கினார். உச்சமுனைத் தீவுக்கு வள்ளத்தில் போய் வாங்கிய கையெழுத்துகள் கடல் தண்ணீரில் நனைந்துவிட, கருவாட்டோடு சேர்த்து அவற்றையும் வெயிலில் காய வைத்தார். கடைசியில், நேரில் பார்த்து அறிக்கை எழுத ஓர் அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது.

எல்லாம் ஊருக்காக என்றுதான் மர்ஸூக் சொல்லித் திரிந்தார். அது பாதி உண்மை. மற்றப் பாதி அவருடைய மகள் ஆதிலா. பயிற்சிக்கு இரண்டு தரம் விண்ணப்பித்து, இருக்கிற இடங்கள் போதாமல் இரண்டு தரமும் தவறிப்போனவள். வயதெல்லைக்குள் இன்னும் ஒரு தரம்தான் மிச்சம். அதை நினைத்தால் மர்ஸூக்குக்குச் சோறு இறங்காது.

"இவங்களத் திருப்பி அனுப்புங்க, அண்ணன்."

"வேன் போயிட்டுதே. இனிப் பின்னேரம்தான் வரும்."

"அப்ப பின்பக்கத்து அறையில இருக்கச் சொல்லுங்க."

"அதுக்குள்ள பாம்பு கண்டதெண்டு யூஜினி மிஸ் நேத்துத்தான் சொன்னா."

யூஜினி மிஸ்தான் அந்த ஆஸ்பத்திரியின் ஒரே நேர்ஸ். அவள் வாசலுக்கு ஓடி வந்து, "ஜீப் வருது," என்றாள்.

மர்ஸூக் வார்டுக்குள் எட்டிப் பார்த்தார். எட்டுக் கட்டிலும் காலி. தலவிலத் திருநாள் என்றால் இந்தப் பக்கத்தில் நோய் வருத்தமும் லீவு எடுக்கும். கத்தோலிக்கர் கும்பிடவும், முஸ்லிம்கள் கடை போடவும் நோயாளிகள் காலையிலேயே டிஸ்சார்ஜ் துண்டு வெட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். நோயாளியே இல்லாத ஆஸ்பத்திரியில் ஒன்பது நேர்ஸ்மார். அதிகாரி பார்த்தால் இருக்கிற யூஜினியையும் மாற்றிவிடுவார்.

"எல்லாரும் கட்டில்ல ஏறிப் படுங்க," என்றார் மர்ஸூக். "கழுத்து வரைக்கும் போர்த்துக்கொள்ளுங்க. நீங்க நோயாளிகள். யூஜினி மிஸ் மட்டும்தான் நேர்ஸ்."

"எங்களுக்கு என்ன வருத்தம்?" என்று நிக்கொலஸின் மருமகள் கேட்டாள்.

"விருப்பமான வருத்தத்த எடுங்க. கெதியாப் படுங்க."

அதிகாரி மெலிந்த, சாதுவான மனிதர். அவருடைய சாரதி ஹஸன் வாசலோடு நின்றுகொண்டார். வாப்பாவுக்கு உதவியாக வந்திருந்த ஆதிலா அவருக்குத் தேத்தண்ணீர் கொடுத்தாள்.

"எட்டுப் பேருக்கு ஒரு நேர்ஸா?" என்றார் அதிகாரி.

"ஓம் சேர். பகலும் இவதான், ராவும் இவதான்."

யூஜினி பெருமூச்சு விட்டாள். அது நடிப்பில்லை. அதிகாரி தலையை ஆட்டி ஏதோ எழுதிக்கொண்டார். மர்ஸூக்குக்கு உயிர் வந்தது.

அதிகாரி முதல் கட்டிலருகே போனார். "என்ன வருத்தம், அம்மா?"

"இடப்பக்க நியூமோனியா, சேர். மூண்டு நாளா அன்டிபயோட்டிக் ஏத்துது. மூச்சு நிமிஷத்துக்கு இருபது. இனி மாத்திரைக்கு மாத்தலாம்."

அதிகாரியின் பேனா நின்றது. மர்ஸூக் பாய்ந்து வந்தார். "கனகாலமாப் படுத்திருக்கிறா, சேர். டொக்டர் சொல்றதக் கேட்டுக் கேட்டுப் பாடமாகிட்டுது."

"மூண்டு நாளெண்டுதானே சொன்னா?"

"கெட்டிக்காரப் பிள்ளை, சேர்."

அடுத்த கட்டிலில் யூஜினி பதற்றத்தோடு பிறஷர் பார்க்கத் தொடங்கினாள். "பட்டி லூசா இருக்கு, மிஸ்," என்று நோயாளி தானே அதைக் கழற்றிச் சரியாகக் கட்டிக் கொடுத்தாள். அதற்கடுத்த கட்டிலில் போர்வை விலகி இரண்டு வெள்ளைச் சப்பாத்துகள் தெரிந்தன.

"சப்பாத்தோட படுத்திருக்கிறாங்களே?"

"குளிர் காய்ச்சல், சேர்," என்றார் மர்ஸூக். அவருக்கே வியர்த்து ஊற்றியது.

அந்த நேரம் பார்த்து நிக்கொலஸ் யன்னலால் தலையை நீட்டினார். "நானா, நேர்ஸ்மார் எட்டுப் பேருக்கும் இளநி வெட்டவா?"

மர்ஸூக் அதற்குச் சொல்ல ஒரு பொய் தேடினார். கையிருப்பு முடிந்திருந்தது. நல்லவேளையாக அதிகாரி நெற்றியைப் பிடித்துக்கொண்டு, "ஒரு மாதிரி இருக்கு," என்றார். அடுத்த கணம் வார்டின் நடுவில் தொபுக்கென்று விழுந்தார்.

முதலில் ஓடியவள் ஆதிலா. தட்டைக் கீழே வைத்த வேகத்தில் அவரை ஒருக்களித்துக் கிடத்தி, சேட்டின் கழுத்துப் பொத்தானைக் கழற்றிவிட்டாள். எட்டுப் போர்வைகள் பறந்தன. நியூமோனியா நாடி பிடித்தது. குளிர் காய்ச்சல் ஒட்சிசன் உருளையை உருட்டி வந்தது. மற்றவர்கள் சேர்ந்து தூக்கிக் கட்டிலில் போட்டார்கள். யூஜினிக்கு விலகி நிற்பதைத் தவிர வேறு வேலை கிடைக்கவில்லை.

அதிகாரி கண்ணைத் திறந்தார். சுற்றிலும் எட்டு வெள்ளை உடுப்புகள்.

"இவங்க..."

"நோயாளிகள்தான், சேர்," என்றார் மர்ஸூக். "இரக்கமான ஆள்கள்."

அதிகாரி கோபப்படவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "இவ்வளவு கெதியா," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு ஆதிலாவிடம், "நல்ல கை, மகள்," என்றார். எழும்பி, நின்றபடியே இரண்டு வரி எழுதி, எல்லோருக்கும் நன்றி சொல்லி, சிரித்த முகத்தோடு போய் ஜீப்பில் ஏறினார்.

"பாத்தீங்களா, நானா?" நிக்கொலஸ் மர்ஸூக்கின் தோளைப் பிடித்து உலுக்கினார். "அந்த மனிசன்ட உயிரக் காப்பாத்தி விட்டிருக்கிறம். இனிப் பள்ளிக்கூடம் இல்லையெண்டு சொல்ல அவருக்கு வாய் வருமா? என்ட இரவல் நேர்ஸ்மாரால வந்தது."

மர்ஸூக் யோசித்துப் பார்த்தார். நியாயமாகத்தான் பட்டது. உயிரைக் காப்பாற்றியவர்களுக்கு யார் துரோகம் செய்வார்கள்? ஆதிலாவின் முகத்தில் அவர் எத்தனையோ காலமாய்க் காணாத சிரிப்பு இருந்தது. கண் கலங்க, வாழ்க்கையில் முதல் தரமாக அவர் நிக்கொலஸைக் கட்டிப்பிடித்தார்.

சாரதி ஹஸன் கோப்பையைத் திருப்பிக் கொடுக்க வந்தார்.

"உங்கட மகளா, நானா? சரியான சுறுசுறுப்பு. ஐயா போற ஆஸ்பத்திரியெல்லாம் இப்பிடித்தான் விழுந்து பாக்கிறவர். ஆள் ஓடி வராத ஊருக்குத்தான் பள்ளிக்கூடம்."