இன்னும் ஒரு ‘ம்’

முதலில் விரலைச் சட்டை ஓரத்தில் துடைத்துக்கொள்வார். பிறகு பொத்தானில் ஒரே ஒரு தட்டு. சத்தம் வரும், முடிந்தும் போகும். அவர் மட்டும் விரலை எடுக்கமாட்டார். இடது கண்ணைச் சுருக்கி, தலையைப் பெட்டிப் பக்கம் சாய்த்து, எல்லோரும் இறங்கிவிட்ட பஸ்ஸில் தன் ஆள் ஒருவர் இன்னும் மிச்சம் இருப்பதாக நம்புகிறவரைப் போலக் காத்திருப்பார். யாரும் இறங்குவதில்லை. நாக்கால் ஒரு ‘ச்’. அதன் பின் அந்த வாக்கியம்:

“எல்லாம் சூப்பரா கீது நைனா. ஆனா...”

வாசகரே, இவர்தான் ஆனாக்காரர்.

குறை சொல்பவர் என்று இவரை நினைத்துவிடாதீர்கள். குறை சொல்பவர் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார், நிம்மதி. ஆனாக்காரர் போகமாட்டார். பாராட்டாமல் பேச்சை ஆரம்பிக்கவும் மாட்டார், பாராட்டோடு முடிக்கவும் மாட்டார். மூன்று மாத வேலையைச் ‘சின்ன மேட்டர்’ என்பார். ‘உனுக்கு அஞ்சு நிமிசம்’ என்பார், உங்கள் நிமிஷங்களைத் தானே உட்கார்ந்து தைத்தவரைப் போல. ‘எனுக்காக இல்ல, மத்தவங்களுக்கு யூஸ் ஆவும்’ என்பார். அந்த மற்றவர்களை இதுவரை யாரும் பார்த்ததில்லை.

இந்த இனத்தை நான் அருகிலிருந்து பார்த்தது 2006இல், ராயபுரத்தில், செங்குட்டுவனின் மாடியறையில் சால்டரிங் வேலைக்குச் சேர்ந்தபோது. பாலிடெக்னிக் படித்த வியாசர்பாடிக்காரன் அவன். கச்சேரிக் குழுக்களுக்காக மாடுலர் சின்தசைசர் என்ற மின்னிசைப் பெட்டி செய்துகொண்டிருந்தான்; தட்டுத் தட்டாகக் கழற்றி மாட்டலாம், ஒயர் குத்தி ஒன்றோடொன்று இணைக்கலாம். அதில் சாம்ப்ளர் என்ற தட்டுக்குத்தான் மவுசு. ஒரு மேள அடியைப் பதிந்து வைத்தால், பொத்தானைத் தட்டும்போதெல்லாம் அதையே திருப்பிக் கக்கும். உள்ளிருந்து அதை ஆட்டிவைக்கும் புரோகிராமுக்கு ஃபர்ம்வேர் என்று பெயர். வாங்கியவர்கள் யோசனை சொன்னால் செங்குட்டுவன் புரோகிராமைத் திருத்திப் புதுப் பதிப்பை ஏற்றிக் கொடுப்பான். யோசனைகளை நோட்டில் எழுதுவது என் பொறுப்பு. வாய் திறக்கக் கூச்சப்படுகிறவனுக்கு ஏற்ற வேலை.

‘என்ன வேணும்னு சொல்லுங்க’ என்று கேட்டது மட்டும்தான் செங்குட்டுவன் செய்த தப்பு.

சொன்னார்கள். பதியும்போது கண்டெய்னர் லாரி ஹாரன் உள்ளே விழுந்துவிடுகிறது, பெட்டியே அதைச் சலித்து எடுக்க வேண்டும் என்றார் எண்ணூர்க்காரர் ஒருவர். மறுநாள் புழலிலிருந்து வந்தவர், ஹாரன் பிரமாதம், அதற்குத் தனிப் பொத்தான் வேண்டும் என்றார். பொத்தான்கள் நெருக்கமாக இருக்கின்றன என்றார் இன்னொருவர். விரல் தடிமனாக இருப்பதாக அவர் சொல்லவில்லை. கரண்ட் போனால் ‘கரண்ட் போய்விட்டது’ என்று பெட்டி வாய்விட்டு அறிவிக்க வேண்டும் என்றார் ஒரு பெரியவர். எதை வைத்து அறிவிக்கும்? அதை யாரும் அவரிடம் கேட்கவில்லை. எழுதிக்கொண்டேன்.

இவர்கள் எல்லோருக்கும் தலைவர் லூயிஸ். லோகநாதனின் மெல்லிசைக் குழுவில் தாளப் பொத்தான் தட்டுகிறவர். ஆரம்பத்தில் விரல் துடைத்துக்கொண்டாரே, அவரேதான்.

“டோலக்கு கும்முனு வருது நைனா.”

“வருதுல்ல?” என்றான் செங்குட்டுவன்.

“வருது. ஆனா, கும்ம்முனு வர்ல. ஒரு ‘ம்’ கொறையுது.”

“அண்ணாத்த, ஒரு ‘ம்’ன்னா எவ்ளோ நேரம்?”

“இன்னா கேள்வி இது? ஒரு ‘ம்’ நேரம்!”

நோட்டில் ‘லூயிஸ்: ம் - 1’ என்று எழுதினேன்.

மூன்று வாரத்தில் நாலாம் பதிப்பு எட்டாம் பதிப்பு ஆனது. செங்குட்டுவன் ஓசையின் வாலை நீட்டினான். “இது ‘ம்’ இல்ல, ‘ங்’” என்றார் லூயிஸ். அடியைக் கனமாக்கினான், “இது ‘தும்’, நான் கேட்டது ‘கும்’” என்றார். கடைசியில் பெட்டிக்குள் இடமே தீர்ந்துபோனது.

“இன்னும் நீட்டணும்னா பதிஞ்சி வெச்ச கைத்தட்டல் சத்தத்த தூக்கணும் அண்ணாத்த. மெமரி இல்ல.”

“கைத்தட்டலயா? பேஜார் பண்ணாத. நாம பெட்டில தட்டுனாதான் ஜனங்க கைல தட்றாங்க!”

நோட்டுக்குப் பின்னால் முகத்தை மறைத்துச் சிரித்துக்கொண்டிருந்த எனக்கு, அடுத்த புதன்கிழமை சிரிப்பு நின்றது. அன்று லூயிஸ் பெட்டியைத் தொடவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

“லோகு பெரம்பூர்லருந்து ஒரு ஆள இட்டாந்து வெச்சிகீறான். சனிக்கெழம ரிசப்சன். டோலக்கு லோகு காதுக்கு புட்ச்சா நான் குந்துவேன். இல்லாங்காட்டி அந்தாளு. பதினெட்டு வருசம் நைனா. எனுக்கு வேற இன்னா தெரியும்?”

செங்குட்டுவன் பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை மாலை திருப்பிக் கொடுத்தான். மேலே புது ஸ்டிக்கர்: ‘பதிப்பு 9’.

“கைத்தட்டல் கீதா?”

“கீது.”

“ ‘ம்’?”

“நீயே கேளு.”

லூயிஸ் தட்டினார். கண்ணைச் சுருக்கினார். காத்திருந்தார். ‘ச்’ வரவில்லை.

“வந்துச்சு,” என்றார், தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில் பேசுகிறவரைப் போல.

சனிக்கிழமை தண்டையார்பேட்டை மண்டபத்துக்கு நானும் போனேன். கடைசி வரிசையில் இருந்தேன். முதல் பாட்டிலேயே டோலக் விழுந்தது. கும்ம். எனக்கும் கேட்டது, சத்தியமாக ஒரு ‘ம்’ கூடுதலாக இருந்தது. பாடிக்கொண்டிருந்த லோகநாதன் மைக்கை விடாமல் திரும்பிப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். பாட்டு முடிந்ததும் நேரே லூயிஸிடம் வந்தார்.

“யோவ் லூயி, இன்னாய்யா இது, டோலக்கு நெஞ்சிலயே குத்துது! இத்தினி நாளு எங்க ஒளிச்சி வெச்சினு இருந்த?”

பெரம்பூர்க்காரர் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்.

திங்கட்கிழமை காலை லூயிஸ் மைசூர்பாகு டப்பாவோடு படியேறி வந்தார். ஒரு துண்டைச் செங்குட்டுவன் வாயில் தானே திணித்தார். எனக்கு இரண்டு. என் தலைமேல் கைவைத்து ஆசீர்வாதமும் செய்தார். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“எல்லாம் சூப்பரா கீது நைனா. ஆனா, இப்ப ஒரு ‘ம்’ ஜாஸ்தியா கீது.”

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். மச்சான் புதிதாக எடுத்த வண்டியை இரண்டு முறை சுற்றிவந்துவிட்டு, நண்பன் கூச்சத்தோடு நீட்டிய கவிதையைப் படித்துவிட்டு, நீங்கள் கடைசியாக ‘ஆனா’ என்று இழுத்தது எப்போது? போன வாரமா, இன்று காலையா? இதைப் படிக்கும்போதே, எல்லாம் சரி, நடுவில் கொஞ்சம் நீளம் என்று தோன்றியதா இல்லையா? கூச்சப்படாதீர்கள். நோட்டில் பக்கம் இருக்கிறது. பெயரை மட்டும் நிறுத்திச் சொல்லுங்கள்.

இரண்டு வருடம் கழித்து, அம்பத்தூரில் வேலை கிடைத்துச் செங்குட்டுவன் அந்த அறையைக் காலி செய்தான். சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது, வெகுநாளாய்த் தொண்டையில் வைத்திருந்ததைக் கேட்டேன்: “ஒன்பதாம் பதிப்புல அப்படி என்னதான் மாத்துனீங்க?”

கயிற்றைப் பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டுச் சொன்னான்:

“புரோகிராம்ல கையே வெக்கல. ஸ்டிக்கர்ல எட்டுன்னு இருந்துச்சுல்ல? அத ஒம்பதுன்னு மாத்துனேன்.”